முப்பத்தெட்டாவது கேள்வி

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, "நேற்று உங்கள் மனைவியுடன் எத்தனை நிமிடம் பேசினீர்கள்?" என்று கேட்பதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருடம் கேட்டேன். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். இன்னொருவர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மூன்று மணி நேரம் அழுதார். மற்றபடி பெரும்பாலோர் பொய் சொன்னார்கள். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்று கணவர் சொல்லும்போதே சமையலறையில் ஒரு பாத்திரம் டமார் என்று விழும். நான் அறுபது என்று குறித்துக்கொள்வேன். பாத்திரம் விழுந்ததைக் குறிக்க எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராயும் நிறுவனம் எங்களுடையது. யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், போனை எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள், மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா, இப்படி அறுபத்தொரு கேள்விகள். ஒரே வீட்டுக்கு வருடம் ஒரு தடவை போய் அதே அறுபத்தொன்றையும் கேட்க வேண்டும். கிடைத்ததையெல்லாம் கூட்டி வகுத்து, குடும்பங்கள் வாரத்துக்கு ஐந்து புள்ளி இரண்டு முறை சேர்ந்து சாப்பிடுகின்றன என்று அறிக்கை வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாத்திரம்தான் ஞாபகம் வரும்.

முழங்கால் தேய்ந்த பிறகு என்னை நடக்கவிடாமல் சரிபார்ப்பவர் ஆக்கினார்கள். இப்போது கணக்கெடுக்கப் போகிறவர்கள் கையில் டேப் என்கிற தொடுதிரைப் பலகை இருக்கிறது. பேச்சு முழுவதும் அதில் பதிவாகும். அதிலிருந்து ஒன்றரை நிமிடத் துண்டுகளை வெட்டி எனக்கு அனுப்புவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாயால் சொன்ன பதிலும் டேப்பில் குறித்த பதிலும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றானால் பச்சைப் பொத்தான். இல்லையென்றால் திருத்தலாம். பேச்சில் பெயர், உறவு, நோய், முகவரி, ஆளைக் காட்டும் சொல் என்று எது வந்தாலும் மென்பொருளே அதை அழித்துவிட்டு ஒரு பீப் வைக்கும். அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறார்களாம்.

அலுவலகம் என்று ஒன்று இருந்ததை மூடி ஐந்து வருடம் ஆகிறது. கணக்கெடுப்பவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு எண், எனக்கும் எண். நான் பதினேழு.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கூடத்து மூலையில் நான் ஹெட்போனோடு. மூடிய அறைக்குள் மகள் ஹெட்போனோடு; அவள் வேறு நாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டு மன்னிப்புக் கேட்கும் வேலையில் இருக்கிறாள். சமையலறையில் மனைவி, போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு ஏதாவது பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். இன்னொரு காதை எங்களுக்காகக் காலியாக வைத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. சமையல் முடிந்ததும் குடும்பக் குழுவில் "சாப்பாடு ரெடி" என்று செய்தி போடுவாள். பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து. நாங்கள் இருவரும் கட்டை விரல் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவோம். வந்து பார்த்த உறவினர்கள் எவ்வளவு அமைதியான குடும்பம் என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

போன வருடம் ஒரு மத்தியானம் வழக்கம்போல் ஒரு துண்டு வந்தது. முதலில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. நான்கு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று தட்டும் விசிறி. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் அதே விசிறி அதே மாதிரி தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகச் சரிசெய்யச் சொல்லி என் மனைவி கேட்டுக்கொண்டிருந்த விசிறி.

அப்புறம் ஹெட்போனுக்குள் அவள் தொண்டையைக் கனைத்தாள்.

நிறுவன ஆட்களின் வீடுகளைக் கணக்கெடுப்பில் சேர்க்கக்கூடாது. ஆனால் எங்கள் வீடு இன்னும் மாமனார் பெயரில் இருக்கிறது. மின் இணைப்புப் பட்டியலைப் பார்த்து வீட்டைப் பொறுக்கும் எந்திரத்துக்கு மாமனாரையும் தெரியாது, மருமகனையும் தெரியாது. முழங்காலுக்குப் பிசியோதெரபி செய்ய நான் வெளியே போயிருந்த ஒரு காலையில் யாரோ ஒரு பெண் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தெரிந்தவர் குரல் வந்தால் 'தெரிந்தவர்' என்ற பொத்தானை அழுத்திவிட வேண்டும். துண்டு வேறொருவருக்குப் போய்விடும். விதி எனக்குத் தெரியும். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது, திரும்பி வந்துவிட்டது.

"முப்பத்தாறு. நேத்து உங்க (பீப்) கூட எத்தனை நிமிஷம் பேசியிருப்பீங்க?" கணக்கெடுக்கும் பெண்ணின் குரல் சின்ன வயதுக் குரல்.

"நேத்தா... ரெண்டு நிமிஷம் இருக்கும். பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன். பாக்கலாம்னாரு."

"முப்பத்தேழு. மனசு விட்டுப் பேச வீட்ல ஆள் இருக்காங்களா?"

விசிறி ஒரு தடவை தட்டியது. இன்னொரு தடவையும் தட்டியது.

"ஆள் இருக்காங்க. பேசறதுக்குன்னு கேட்டா, இல்ல."

"அப்ப இல்லன்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோம்மா."

"முப்பத்தெட்டு. அடுத்த ஒரு வருஷத்துல வீட்ல இருக்கறவங்க எண்ணிக்கை கூடுமா, குறையுமா, அப்படியேதான் இருக்குமா?"

"குறையும். ஒருத்தர் குறைவாங்க."

"யாருங்க?"

பீப். மிகச் சின்ன பீப்.

"ஏங்க, என்ன காரணம்?"

நீளமான பீப். நடுவில் "ஒரு மாசமா" என்ற சொல் மட்டும் தப்பி வெளியே வந்தது. மறுபடி பீப்.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. சொல்லல. எப்படிச் சொல்றது..."

அதோடு ஒன்றரை நிமிடம் முடிந்துவிட்டது.

ஏழு தடவை போட்டுக் கேட்டேன். அவள் அப்போது பத்து அடி தள்ளித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தச் சின்ன பீப்பின் நீளத்தை அளந்து பார்த்தேன். அரை நொடி. 'எங்க பொண்ணு' என்பது அதற்குள் அடங்காது. 'நான்' அடங்கும். ஆக, போகப்போகிறவள் அவள்தான்.

எங்கே போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முப்பத்தாறில் ஒற்றை இலக்கம், முப்பத்தேழில் 'இல்லை', முப்பத்தெட்டில் 'குறையும்', மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து வந்தால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம்: பெட்டி கட்டியாயிற்று. நூற்றுக்கணக்கான வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் தப்பியதில்லை. வேறு யார் வீட்டுத் துண்டாக இருந்தாலும் பாவம் அந்த மனுஷன் என்று ஒரு உச்சுக்கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

என் வீடு என்பதால் கோபம் வந்தது. முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் குழாய் ஒழுகுவது வரைக்கும் சொல்லியிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கோபத்துக்குப் பின்னால் வெட்கம் வந்தது. ஊரார் குடும்பத்தை எல்லாம் அளந்தவன் வீட்டு லட்சணம் இதுதானா என்று எனக்குமேல் இருக்கும் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. பெயர் இல்லை, முகவரி இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. அதெல்லாம் அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் திரையில் 'குறைவு: 1' என்று இருந்த அந்த ஒன்றை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காரணம் என்ற கட்டம் சரிபார்ப்பவர்களுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். எண் மட்டும்தான் என் கையில் இருந்தது. அதைச் சுழியமாக்கினேன். ஏன் திருத்துகிறாய் என்று கேட்ட இடத்தில், 'பதிலளித்தவர் பிறகு மாற்றிச் சொன்னார்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

திரையில் ஒரு பெட்டி எழும்பியது. 'இந்தத் திருத்தம் பின்தொடர் நடவடிக்கைகளைப் பாதிக்கலாம். தொடரவா?'

அந்த மாதிரிப் பெட்டி தினமும் முப்பது வரும். 'ஆம்' என்று அழுத்தினேன்.

மறுநாளே குழாயைச் சரிசெய்தேன். ஆள் கூப்பிடவில்லை, நானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், குழாயச் சரிபண்ணினா உடம்பு சரியில்லன்னு அர்த்தமா?"

"இல்ல, திடீர்னு..."

அன்றிலிருந்து ஹெட்போனை ஐந்து மணிக்குக் கழற்றி வைத்தேன். சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் வாரம் என்ன பேசுவதென்றே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒருநாள் தப்பித்தவறி, "உன் பொழுதுபோக்குகளைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுவிட்டேன். அது பதினான்காவது கேள்வி. அவள் சிரித்த சிரிப்பில் மகள் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

நேராகக் கேட்க மட்டும் முடியவில்லை. எப்படிக் கேட்பது? பதிவைக் கேட்டேன் என்று சொன்னால் வேலை போகும். அது ஒரு சாக்குத்தான். ஆமாம் போகிறேன் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் நிஜம். ஒரே ஒரு தடவை, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா."

"எனக்கும் ஒண்ணுமில்ல."

இன்னொன்றையும் கவனித்தேன். அழைப்பு மணி அடித்தால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். முன்பெல்லாம் மணி அடித்தால் யாராவது போய்ப் பாருங்களேன் என்று குழுவில் செய்தி வரும். இப்போது அவளே போனாள், திறந்தாள், கூரியர்காரரைப் பார்த்து முகம் சுருங்கித் திரும்பினாள். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டாள். சோபா உறையை மாற்றினாள். காலை பத்து மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று கண்ணில்லாதவனுக்கும் தெரியும். வக்கீலா, அவளுடைய அண்ணனா, இல்லை வேறு எவனாவதா என்று என் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்தது.

கேமரா வைத்த அழைப்பு மணி ஒன்றை வாங்கி மாட்டினேன். பாதுகாப்புக்கு என்று சொன்னேன். யார் வந்து நின்றாலும் என் போனில் தெரியும். பிசியோதெரபி படுக்கையில் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும்போதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வாரம் பார்த்தேன். கூரியர், தண்ணீர் கேன் போடுகிறவர், தவறான வீட்டுக்கு வந்த ஒரு கிழவர். வேறு யாரும் வரவில்லை. அவள் மணிக்கு ஓடுவதும் குறைந்து, பிறகு நின்றே போனது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்தப் பத்து வாரம் நாங்கள் நன்றாக இருந்தோம். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். சாயங்காலம் தெருமுனை வரை நடந்தோம். கட்டை விரல் படம் நின்றது. சாப்பாட்டுக்கு நானே போய் மகளின் கதவைத் தட்டினேன். "அப்பாவுக்கு வயசானதும் நல்ல புத்தி வந்துடுச்சும்மா" என்று மகள் கிண்டல் செய்தாள். மனைவி என் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். முப்பத்தாறாவது கேள்வியை இப்போது யாராவது வந்து கேட்டால் நாற்பது நிமிடம் என்று பாத்திரம் விழாமல் சொல்லலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். எனக்கு அந்தப் புத்திதான்.

பதினோராவது வாரம் மாடியில் துணி உலர்த்தும்போது அவளால் இடது கையைக் கொடி வரைக்கும் தூக்க முடியவில்லை. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய்த் தோளைத் தொட்டேன். "அங்க தொடாதீங்க" என்றாள். சொன்ன விதத்தைக் கேட்டு அப்போதே ஆட்டோவுக்குச் சொன்னேன்.

மருத்துவமனையில் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அக்குள் பக்கம் இந்தக் கட்டி எப்பலேருந்து இருக்கு?"

"நாலு மாசம் ஆகும்" என்றாள் அவள். "கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும்."

டாக்டரின் விரல்கள் விசைப்பலகையில் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின. இன்னும் சில சோதனைகள் எழுதிக் கொடுத்தார். எதற்கு இத்தனை என்று நான் கேட்டதற்கு, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எங்கள் எண் வருவதற்கு இன்னும் இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் பேச ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட நேரா சொல்ல வாய் வரலங்க. எதச் சொன்னாலும் பாக்கலாம்னு சொல்லுவீங்க. இதுக்கும் அப்படிச் சொல்லிட்டீங்கன்னா என்னால தாங்க முடியாதுன்னு தோணிச்சு. அந்தப் பொண்ணு நல்லாப் பேசிச்சு. அதான் சொல்லிட்டேன். ரெண்டு வாரத்துல நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, பாத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லுவாங்கன்னுச்சு. அவங்க வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், அப்புறம் உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நான் எங்கள் எண் சீட்டை மடித்து விரிக்க, அவளே தொடர்ந்தாள்.

"யாரும் வரல. சரி, அவங்களே பெரிசா எடுத்துக்கல போல, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுட்டேன். நீங்களும் அந்த நேரம் பாத்து நல்லாப் பேச ஆரம்பிச்சீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

பிறகு வெட்கப்பட்டவள்போல் கேட்டாள்: "உங்க ஆபீஸ்தானே அது. எப்படியாவது உங்க காதுக்கு வரும்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. வந்துச்சா?"

"வரல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே மன்னிக்கப்போவதில்லை. எண்ணை மாற்றியதையாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து நிறுவனத்தின் சுற்றறிக்கையைத் தேடினேன். போன வருடத் தொடக்கத்தில் அனுப்பியிருந்தார்கள். நாற்பது பக்கம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. நோயின் காரணமாக முப்பத்தெட்டில் 'குறையும்' என்றும், முப்பத்தேழில் 'இல்லை' என்றும் பதில் வந்தால், பதினான்கு நாளில் செவிலியர் ஒருவர் அந்த வீட்டுக்கு அனுப்பப்படுவார். பதிவு உறுதியானதும் எந்திரமே அனுப்பும். கடைசிப் பக்கத்தில், 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் என் குறி இருந்தது. தேதி, நேரம், எல்லாம். சுற்றறிக்கை வந்த ஒன்பதாவது நொடியில் ஏற்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் ஆறு மாதம் இருந்தாள். அந்த ஆறு மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. முடி கொட்டியது, பேச்சு குறைந்தது, கடைசி நாட்களில் மகள் இரண்டு காதிலும் ஒன்றுமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விசிறியின் டக்டக் கேட்டால் தூக்கம் வருகிறது, சரிசெய்ய வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டதால் அது மட்டும் அப்படியே இருக்கிறது. அவள் போனபின் மகள் மறுபடி கதவை மூடிக்கொண்டாள். அடிக்கடி தட்டிப் பார்த்தேன். "போன் கால்ல இருக்கேன்பா" என்பாள். நானும் பழையபடி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் அழைப்பு மணி அடித்தது. போனில் பார்த்தேன். கையில் டேப்போடு ஒரு பெண். நிறுவனத்துக்குச் சொல்லி இந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுக்கவைத்திருக்கலாம். சொன்னால் ஏன், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை.

"சார், கணக்கெடுப்புலேருந்து வரேன். போன வருஷமும் வந்தேன். மேடம் இல்லையா?"

அதே குரல். ஒன்றரை நிமிடத்தை ஏழு தடவை கேட்டவனுக்கு மறக்குமா? விஷயத்தைச் சொன்னேன். நின்றிருந்தவள் கேட்காமலே சோபாவில் உட்கார்ந்தாள்.

"நர்ஸ் வந்தாங்கல்ல சார்?"

"வரல."

"நான் குறிச்சேனே சார். சத்தியமாக் குறிச்சேன்." டேப்பை அவசர அவசரமாகத் தள்ளிப் போன வருடப் பதிலை எடுத்தாள். பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "சுழியம்னு இருக்கு. அய்யோ, நான்தான் தப்பா அழுத்திட்டேனா? கிளம்பறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, கண்டிப்பா வருவாங்கள்லன்னு கேட்டாங்க சார். வருவாங்கம்மான்னு சொன்னேன்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"நீ சரியாத்தான் போட்டம்மா. நான்தான் மாத்தினேன்."

"நீங்களா?"

"சரிபார்க்கறது நான். பதினேழு. என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போகப்போறான்னு நெனச்சு மாத்திட்டேன். அவளுக்குக் கட்டி இருந்தது எனக்குத் தெரியாது."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் டேப்பைத்தான் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே நுழைந்ததிலிருந்து எல்லாம் பதிவாகியிருக்கிறது. எனக்கு ஒரு கணம்தான் பயம் வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. பொண்டாட்டி என்பது உறவு, கட்டி என்பது நோய், பதினேழு என்பது ஆளின் அடையாளம். நான் சொன்னதில் முக்கால்வாசி பீப்தான். எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துவார்.

வீட்டில் இரண்டு பேர் என்று அவள் குறித்ததும் டேப் கிர்ர் என்று அதிர்ந்தது. போன வருட மதிப்பீடும் இந்த வருட எண்ணிக்கையும் பொருந்தவில்லை. காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள்.

"கணக்கெடுப்பவர் தவறாகப் பதிந்தார்னு ஒண்ணு இருக்கு சார். பதிலளித்தவர் தவறாகச் சொன்னார்னு ஒண்ணு. அவ்வளவுதான். உங்களுக்கு இடமே இல்ல."

"முதலாவதப் போட்டா உனக்கு என்ன ஆகும்?"

"வேலையிலேருந்து எடுத்துடுவாங்க."

"அப்ப ரெண்டாவதப் போடு."

"அவங்க சரியாத்தானே சார் சொன்னாங்க?"

"சரியாத்தான் சொன்னா. போடும்மா, நேரம் ஆகுது."

போட்டாள். என் மனைவி தவறாகச் சொன்னாள் என்று பதிவாகி, திரை நகர்ந்தது. அவள் குரலைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். முப்பத்தைந்து முடிந்ததும் டேப் முப்பத்தாறைத் தானாகவே தாண்டிவிட்டது.

"முப்பத்தேழு" என்றாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "மனசு விட்டுப் பேச வீட்ல ஆள் இருக்காங்களா சார்?"

மகளின் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே விசிறி தட்டியது, இன்னொரு தடவையும் தட்டியது.

"இல்லன்னு போட்டுக்கோம்மா" என்றேன்.